மடியில் கனம்

நாகலூரில் கிளம்பும்போதே மணி ஒன்பதரை.
பதினெட்டாம் வளைவில்
டேஷ்போர்டு விளக்கு அணைந்தது.
வேக முள், பெட்ரோல் முள், இருதயராஜின் முகம்
மூன்றும் ஒன்றாக இருட்டுக்குள் போயின.
முன்விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது,
எனக்கென்ன வந்தது என்பதுபோல.

பின்னால் வந்த காப்பிக்கொட்டை லாரி அலறியது:
உன் வால் தெரியலையே!

ஓரம் கட்டினேன்.
எண்பத்தெட்டாம் வருஷத்துப் பத்மினி.
ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றினால்
பீங்கான் உடம்பும் முதுகில் ஒரு தகடுமாக
பியூஸ்கள் வரிசையாகப் படுத்திருக்கும்.
கடைசிக்கு முந்தினதில்
தகடு நடுவில் அறுந்து, ஓரம் கரியாகியிருந்தது.
தைல டப்பியில் நாலு ஸ்பேர். ஒன்றைச் செருகினேன்.
"அவ்ளோதான்" என்றார்.

பதினாறில் ஒன்றும் ஆகவில்லை.
பதினாலில் போனது.
மாற்றினேன்.
பன்னிரண்டில் மறுபடி.
மறுபடி மாற்றவில்லை. டப்பியில் இரண்டுதான்.

அவர் சட்டைப்பையிலிருந்து
சிகரெட் பெட்டியை எடுத்து
வெள்ளித்தாளை உருவினார்.
பொங்கலோடு விட்டாச்சு என்று
சூசையப்பர் படத்துக்கு முன்னால் சொன்ன சிகரெட்.
"இதைச் சுத்திச் செருகு.
ஜென்மத்துக்கும் போகாது."

அதுதான் பயம்.
பியூஸ் போகாவிட்டால் ஒயர் போகும்.
ஒயர் போனால் சீட்டுக்கடியில் புகை வரும்.
எட்டு ஆம்பியருக்கு மேல் வந்தால்
சாகத்தானே அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்,
சாகட்டும்.

சிகரெட்டைப் பற்றி அப்போது கேட்கவில்லை.
ஒரு நேரத்தில் ஒரு கோளாறு.

டப்பியின் அடியில் பழைய இண்டிகேட்டர் பல்பு,
இரண்டு ஒயர் வாலோடு.
பியூஸ் படுத்திருந்த இடத்தில் அதைக் கோத்தேன்.
மங்கலாக எரிந்தால் லைன் சுத்தம்.
பளிச்சென்றால் எங்கேயோ செம்பு
வண்டியின் உடம்பைத் தொடுகிறது.

மங்கலாகத்தான் எரிந்தது,
அரைத்தூக்கத்தில் இருக்கிற மாதிரி.
பனி கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது.
பதினெட்டு, பதினாலு, பன்னிரண்டு.
இரட்டைப்படை எல்லாம் இடப்பக்கத் திருப்பம்.
அப்படியென்றால் பதினாறு?
பதினாறில் எதிரே பஸ் ஏறி வந்தது,
ஊர்ந்துதான் திரும்பினேன்.

"இறங்கி வண்டியை ஆட்டுங்க."
"என்னது?"
"பக்கவாட்டில். தொட்டில் மாதிரி."

ஆட்டினார். ஒன்றுமில்லை.
"பலமா."
ஆட்டினார்.
டிக்கிக்குள் ஏதோ உருண்டு 'தொம்' என்றது.
பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தது.

திறந்ததும் முதலில் வந்தது வாசனை.
ஆரோக்கியமேரி அக்கா கொடுத்த பலாப்பழம்,
பதினாலு கிலோ.
வேண்டாம் என்றேன் நான்.
அக்கா மனசு நோகும் என்றார் இவர்.
அது வலது மூலையில்
பின்விளக்கு ஒயர் மேல் சாய்ந்திருந்தது,
ஊரையே விலைக்கு வாங்கின தோரணையில்.

பழத்தைக் குற்றம் சொல்லக் கூடாது.
ஒயரின் தோல் எப்போதோ தேய்ந்துவிட்டது;
இதுவரை ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.
நகக்கண் அளவு செம்பு மின்னியது.

டேப் இல்லை.
கைப்பையில் விரலுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி மூன்று.
மூன்றையும் சுற்றினேன்.
கடைசிக்கு முந்தின ஸ்பேரைச் செருகினேன்.
டேஷ்போர்டு எரிந்தது.
பின்னால் போய்ப் பார்த்தேன்: இரண்டு சிவப்பு,
பனியில் ஊறிக்கொண்டு.

"பழம்?"
"உங்க மடியில."

பத்து, எட்டு, ஆறு.
ஒவ்வொரு இடது திருப்பத்திலும்
முள்ளோடு சேர்த்து அதை அணைத்துக்கொண்டார்.
கீழே சேலம்,
கொட்டிக் கிடக்கிற விளக்கில்
எது சூரமங்கலம் என்று தெரியவில்லை.

அடிவாரம் செக்போஸ்டில் டார்ச் உள்ளே நுழைந்தது.
"மடியில என்ன சார்?"
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
எங்களுக்கு அது டிக்கியில் இருந்தவரைதான்.
"பலா" என்றார்.
போலீஸ்காரர் மோந்து பார்த்துவிட்டு விட்டார்.

கோரிமேடு தாண்டியதும்
சிகரெட்டைப் பற்றிக் கேட்டேன்.
பதினாலு கிலோவுக்குக் கீழே
அவரால் அசையக்கூட முடியவில்லை.