காலை ஒன்று, மாலை ஒன்று

குளுசைச் சீட்டின் கடைசி வரியில்
டொக்டர் ருஸ்தா எழுதியிருந்தார்:
நடை. காலை ஒன்று, மாலை ஒன்று.
சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை. வெளியில் இன்னும் நாற்பது பேர்.

பாமசிப் பெடியன் சீட்டை விரலால் தடவிக்கொண்டு வந்து
அந்த வரியில் நின்றான்.
"இது எங்களிட்ட ஸ்டொக் இல்லை, அங்கிள்."

முப்பத்தொரு வருஷம் கோட்டையில்
ஒரு கப்பல் கம்பனிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினேன்.
நாளொன்றுக்கு எத்தனையோ நூறு மாடி
ஏறி இறங்கினேன், ஓரடி வைக்காமல்.
பித்தளைக் கைபிடி. மடக்குக் கதவு. ஒரு முக்காலி.
வாயில் ஒரே கேள்வி: எத்தனையாம் மாடி?
சொல்லாதவர்களை நான் ஏற்றியதில்லை.

என்னிடமும் கேட்டார்கள்.
பம்பலப்பிட்டிச் சந்தியில்,
மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து,
டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்க:
கொஹெத யன்னே?
வேலைக்கு. கடைக்கு. ஆஸ்பத்திரிக்கு.
மூன்றும் சரியான விடைகள்.
சும்மா என்பது விடையில்லை.
சும்மா காற்று வாங்கப் போன
பக்கத்து அறைக் கேதாரநாதன்
இரண்டு இரவு பொலிசில் இருந்துவிட்டு வந்தான்.
பிறகு தபால் பெட்டிக்குப் போகவும்
துணைக்கு ஆள் தேடினான்.
அந்த வருஷங்களில் கால்கள் ஒன்றைப் பாடமாக்கின:
காரணம் இல்லாமல் கதவைத் தாண்டாதே.

டொக்டருக்கு முப்பது வயசிருக்கும்.
"ஏன் அங்கிள் நடக்கிறல்ல, பஞ்சியா?"
ஓம், பஞ்சி என்றேன்.
எழுதுவதற்கு அது இலகுவான வருத்தம்.

முதல் நாள் ராமகிருஷ்ணா வீதியால் இறங்கினேன்.
பாட்டாவில் வாங்கிய கன்வஸ் சப்பாத்து கடித்தது.
பையில்
டொக்டர் சொன்ன தண்ணீர்ப் போத்தல்,
டொக்டர் சொன்ன டொபி ஒன்று,
டொக்டர் சொல்லாத அடையாள அட்டை.

மரைன் டிரைவில் மாலை ஐந்தரைக்கு
முழு வெள்ளவத்தையும் சீனி குறைக்க வந்திருந்தது.
சேலைக்குக் கீழே ஓடும் சப்பாத்துப் போட்ட ஒரு மிஸிஸ்
யாருக்கோ அடிக்கப் போவதைப்போல் கைவீசிப் போனார்.
ஓய்வு பெற்ற நீதவான் ஒருவர் பின்பக்கமாக நடந்தார்,
முழங்காலுக்கு நல்லதாம்.
ரயில் பாதைக்கு அப்பால் கடல்,
தன் பாட்டில், அதே இடத்தில் நடந்துகொண்டு.

தெஹிவளைப் பக்கமாய் ஒரு பொலிஸ்காரன் நின்றான்.
விடையைத் தயார் செய்தேன்: ஆஸ்பத்திரிக்கு.
அவன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.
கடந்து போனேன்.
கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்து
மறுபடியும் கடந்தேன்,
கேட்கட்டுமே என்று.
ஒரு விக்கெட் விழுந்திருக்க வேண்டும்,
"அடப் பாவமே" என்பதுபோல் சிங்களத்தில் ஏதோ சொன்னான்.
எனக்கில்லை.

அன்றைக்கு எழுநூற்று எண்பது அடி.
வலது முழங்கால் இரவெல்லாம் உறுமியது.
அடுத்த நாள் தொளாயிரம்.
அதற்கடுத்த நாள் மழை; படிக்கட்டில் நின்று
மழையைத் திட்டினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக். இலக்கம் இருபத்தேழு.
"எங்க நடந்தீங்க?"
"எங்கேயும் இல்லை, டொக்டர்."

பேனையை மேசையில் வைத்தார்.
ஐந்து நிமிஷம் ஏச்சு: இதயம், சிறுநீரகம்,
கண், பெருவிரல், அரசாங்கத்துக்குச் செலவு.
நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகவும் இருந்தது.

பிறகு கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார்.
எண்ணைப் பார்த்தார்.
கழற்றி, மறுபடி சுற்றினார்.
"மிஷின் பிழை போல," என்று நேர்சைக் கூப்பிட்டார்,
மற்றதைக் கொண்டுவரச் சொல்லி.