சுண்டுவிரல் சந்து

டால்பிங்கோ. விடிகாலை ஷிப்ட்.
மூன்றாம் இயந்திரத்தின் வயிறு திறந்து கிடக்கிறது.
லாக்லன் அளவுகோலைச் செருகி எண் சொல்கிறான்,
நான் எழுதுகிறேன்.
காந்தத்துக்கும் செம்புச் சுருளுக்கும் நடுவே
சுண்டுவிரல் மட்டும் நுழையும் சந்து.
அதற்குள்தான் எல்லாம்.

மலையிலிருந்து குழாய் வழி விழும் தண்ணீர்
தண்டைச் சுற்றும். தண்டு காந்தத்தைச் சுற்றும்.
காந்தம் எதையும் தொடாது.
தொட்டால் தீ.
தொடாமல் சுற்றுவதால்தான்
மின்சாரம்.

ஒன்பதுக்கு மூடினோம். மதகு திறந்ததை
முதலில் சொன்னது
என் பூட்ஸுக்கு அடியில் தரை.
முள் ஐம்பதில் நின்றது.

மாலை ஆறுக்கு சிட்னியில் யாரோ
ஏசியைத் தட்டுவார்கள்.
இங்கே தண்டு ஒரு கணம் மூச்சு வாங்கும்,
மதகு இன்னும் கொஞ்சம் வாய் திறக்கும்.
அந்த முனகலைக் கேட்டவர்கள்
வெறும் அறையில் விளக்கை எரியவிட மாட்டார்கள்.

நடுராத்திரி, மின்சாரம் மலிந்த நேரம்,
இதே இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று
இறங்கிய நீரை மலைக்கே ஏற்றும்,
கிடைத்ததைவிடக் கூடச் செலவழித்து.
"பைத்தியக்காரத்தனம்" என்று லாக்லன் சிரிக்கிறான்.

இருபதாம் தேதி சீட்டைத் தள்ளி எடுத்து
ஒன்றாம் தேதிக் கடனை அடைக்கிறவள் நான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.