அட்டை

நாலரைக்கு ஜீப். கம்பம்மெட்டு ஏறும்போது
பதினாலு பேர், பதினாலு தூக்குவாளி,
ஒருத்தி விலாவில் ஒருத்தி முழங்கை.
செக்போஸ்ட்டில் டார்ச் அடித்து எண்ணுவான்,
தலையை மட்டும்.

ஏலக்காட்டில் அட்டை ஏறுவது தெரியாது.
கடித்தாலும் வலிக்காது.
காலுறைக்குள் ஈரம் கசகசக்கும்போதுதான் குனிவோம்;
அதற்குள் குடித்து உருண்டு
விழுந்து போயிருக்கும்.
மூக்குப்பொடி தடவியும் ஒருநாள்
தொடைவரை வந்துவிட்டது.
செடி மறைவில் பாவாடையைத் தூக்கி
விருமாயிதான் பிடுங்கிவிட்டாள்.
வெட்கப்படவில்லை நான்.

நர்ஸ் ஜெசிந்தா போன மாதம் கொடுத்ததும் அட்டைதான்,
மஞ்சள் நிறம்.
கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. புதன்கிழமை. இலவசம்.
புதன்கிழமைக் கூலியை யார் தருவா என்றேன்.
வலியே இல்லையே எனக்கு என்றேன்.
அவருக்குத் தெரிந்தால் வேறு மாதிரி நினைப்பார் என்றேன்.
ஆசிட் தடவுவாங்களாமே?
"ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர் மாதிரிதான்க்கா."
சொன்னதெல்லாம் நிசம்.
காரணம் மட்டும் அதில் இல்லை.

ரெண்டாவது பிள்ளைக்கு
அந்த மேசையில் கிடந்தேன்.
கால் இரண்டும் இரும்புக் கொக்கியில்,
கதவு திறந்தே.
கத்தினேன்.
ஆயா தொடையில் ஓங்கி அறைந்து சொன்னாள்:
"அன்னைக்கு மட்டும் இனிச்சுதோ?"
ஊசியோடு நின்ற சின்ன டாக்டரம்மா
சிரிப்பை அடக்கியது முதுகில் தெரிந்தது.
பிள்ளைக்கு இப்போது பத்தொன்பது வயது.
தொடை இன்னும்
அந்த மேசையிலேயே கிடக்கிறது.

ஜெசிந்தாவிடம் இதைச் சொல்லவில்லை.
அட்டையை நாலாய் மடித்துச் சுருக்குப்பையில் வைத்தேன்.
வெற்றிலை ஈரத்தில் தேதி அழிந்தது.

கொஞ்ச நாளாய் விருமாயி
ஜீப்பின் பின்பலகை ஓரம்தான் உட்காருகிறாள்.
மழையிலும் தார்ப்பாயைத் தூக்கிவிடுகிறாள்.
காத்து வேணுமாம்.
அவள் பக்கமிருந்து வரும் வாடையை
ஈரச்சாக்கு என்கிறார்கள் எல்லாரும்.
நானும் சொன்னேன்,
அவள் முகம் பார்க்காமல்.

இன்று மத்தியானம் ஓடைப்பக்கம் போனவள்
வெகுநேரம் துணி அலசினாள்.
"எந்தா அவிடெ?" என்று மேலிருந்து சூப்பர்வைசர்.
"அட்டை கடிச்சிருச்சு" என்றாள்.
எங்க, காட்டு என்றேன்.
காட்டவில்லை.

ராத்திரி ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன்,
ரெண்டு பேர் வரலாமா என்று கேட்க.
வாயில் வந்தது வேறு:

"அங்க ஒரு ஆயா இருந்தா,
இடது கையில பச்சை குத்துன தேளு.
இன்னும் இருக்காளா?"