நூறும் முப்பத்தொன்றும்

ரோரியோடு எட்டு மாதம்.
"நாங்கள் ஆருக்கு ஆர்?" என்று கேட்டேன்.
மழை விடுமா என்று கேட்டதுபோல
"பார்ப்பம்" என்றான், மேலுதட்டு நுரையைத் துடைத்தபடி.
தொடங்கிய நாள் தெரியாததால்
முடிந்த நாளும் எனக்குத் தெரியாது.

கிபோம் அப்படியில்லை.
நியூ மால்டன் ஸ்டேஷன் படியில்
மூன்றாம் சந்திப்பில், பையைக் கீழே வைத்துவிட்டு
வேலைக்கு நேர்காணல் வந்தவன் மாதிரி நிமிர்ந்து நின்றான்.
"இன்றிலிருந்து?"
ஓம் என்றேன். வாட்டர்லூ வண்டி வந்துவிட்டது.
ஏறுமுன் போனில் எழுதினான்: நாள் 1.

கேட்ட நாளே ஒன்று. பூச்சியம் கிடையாது.
இருபத்திரண்டில் கேக்.
ஐம்பதில் ஒரே நிறத்தில் இரண்டு தொப்பி
(என்னுடையது இன்னும் வேலையிடத்து லொக்கரில்).
நூறில் மோதிரம் என்றான்.
"கலியாணமா?"
"இல்லை. நூறு."
அதற்குமேல் அதில் விளக்க ஒன்றுமில்லை அவனுக்கு.

எங்கள் வீட்டில் காதலுக்கு நாள் எண்ணுவதில்லை.
பேச்சுக்கால் வரும், சாதகம் வரும்,
மண்டபத்துக்கு முற்பணம் போகும்.
ஒவ்வொரு நாளாய் எண்ணுவது
செத்தவர்களுக்கு மட்டும்.

எழுபதாம் நாள் விடிய
பருத்தித்துறையில் பெரியப்பா போனார்.
அம்மா அழுது முடித்து
மளிகைக்கடைக் கலண்டரில் பென்சிலால் எண்ணினா.
செத்த நாளே ஒன்று.
எங்களிடமும் பூச்சியம் இல்லை.
முப்பத்தொன்றில் வட்டம்: அந்தியேட்டி.
நான் மனதுக்குள் கூட்டினேன்,
நம்பாமல் விரல் மடக்கியும்.

கிபோமிடம் சொல்ல மூன்று நாள் பிடித்தது.
கோபிப்பான் என்றிருந்தேன்.
கரண்டியால் சூப்பைக் கொஞ்சநேரம் கலக்கிவிட்டுக் கேட்டான்:
"முப்பத்தொன்றோடு விட்டுவிடுவீர்களா?
நாங்கள் நாற்பத்தொன்பது வரை வைத்திருப்போம்."

அன்றைக்கு வீடு முழுக்க வடை எண்ணெய் மணம்.
வாழையிலை டூட்டிங்கிலிருந்து வந்தது, நுனி கிழிந்து.
ஐயர் போனபிறகு குப்பைப் பையோடு வெளியே வந்தேன்.
பச்சை வாளிகளுக்குப் பக்கத்தில்
கறுப்புக் கோட்டில் நின்றான்.
மோதிரப் பெட்டியைக் காணோம்.
ஒரு வெள்ளை உறையை இரண்டு கையாலும் நீட்டினான்.
"உன் அம்மாவுக்கு."

உள்ளே வந்து
பாத்திரங்களுக்கு நடுவே வைத்தேன்.
அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்து எடுத்தா,
தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தா அந்த எழுத்தை.
"ஆர் தந்தது?"
"ஒரு பெடியன். தெரிஞ்ச பெடியன்."
"எத்தினை நாளாத் தெரியும்?"

யோசிக்கத் தேவையில்லாத கேள்வி.
"நூறு" என்றேன்.

அம்மா கலண்டரைப் பார்த்தா.