ஏற மறுத்த நாய்

வடக்கு டகோட்டாவில் அக்டோபர்.
சர்க்கரைக் கிழங்கு இரவெல்லாம் லாரி லாரியாய் இறங்குகிறது.
பன்னிரண்டு மணி நேரம் அந்த மலையடியில் நின்றுவிட்டுக்
காலை ஆறரைக்கு நாங்கள் திரும்புவது
கண்காட்சித் திடலின் சேற்றுக்கு.
நாற்பத்தோரு டிரெய்லர்கள்.
பதினெட்டு மின்கம்பங்கள்.
மீதிக் கணக்கை
நீட்டிப்பு வயர்கள் பார்த்துக்கொள்ளும்.

பக்கத்து டிரெய்லர் டெல்மர் ஸ்டோக்கியுடையது.
அவருடைய நாய்க்கு கிரேவி என்று பெயர்.
மூன்று நாளாய் அது படியேறவில்லை.
முன்காலை வைக்கும்
சுட்டதுபோல் இழுத்துக்கொள்ளும்
பிறகு சேற்றில் உட்கார்ந்து
அவரையே பார்க்கும்.
"வயசாகிறது, வீம்பு" என்றார்.
இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.
அவர் காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இருந்ததை
யாரும் கணக்கில் எடுக்கவில்லை.
நானும்தான்.
இருபத்திரண்டு வருடம் ஒமாஹாவில்
லிஃப்ட் பழுதுபார்த்தவள் நான்.

நான்காம் நாள் மழை.
அவரிடம் வாங்கிய ஸ்பேனரைத் திருப்பித் தரப் போனேன்,
துணிச் செருப்போடு.
கதவுக்கும் எனக்கும் நடுவே
கிரேவி குறுக்கே படுத்திருந்தது. நகரவில்லை.
ஏனென்று தெரியாது, டெஸ்டர் பேனாவை எடுத்தேன்.
சுவரைத் தொட இன்னும் ஒரு முழம் இருக்கையில்
அது சிவந்தது,
கீச்சிட்டது.

ஸ்க்ரூடிரைவரைச் சேற்றில் குத்தி
மீட்டரின் ஒரு முனையை அதில் வைத்தேன்,
மறுமுனையைக் கைப்பிடியில்.
தொண்ணூற்று நான்கு வோல்ட்.

"டெல்மர், வெளியே வராதீங்க."
"ஏன்? காபி போடுறேன்."
"எதுவும் தெரியுதா உள்ளே?"
"என்ன தெரியணும்?"

ஒன்றும் தெரியாதுதான்.
கம்பியில் உட்கார்ந்த குருவிக்கு என்ன தெரியும்?
அவருடைய அடுப்பு, சிங்க், கரண்டி, கட்டில்சட்டம்
எல்லாமே ஒரே கம்பி.
நான்கு டயரின் மேல் நிற்கும் வீடு
மண்ணைத் தொட்டதே இல்லை.
ஒரு கை கதவிலும்
ஒரு கால் ஈரத்திலுமாய்
யாராவது பாலமாகும்வரை
அது சும்மா இருக்கும்.

காய்ந்த பலகைமேல் நின்று,
இடக்கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு,
கம்பத்துப் பிரேக்கரை இறக்கினேன்.
பிறகு ஆரஞ்சு வயரைப் பிடித்துக்கொண்டே போனால்
கடைசியில் ஒரு பிளக்,
இரண்டு பின்னோடு.
மூன்றாவது இருந்த இடத்தில் ஒரு சின்ன மொட்டை.

"பொருந்தலை. பிளையரால் முறிச்சேன்" என்றார்.
"அந்தப் பக்கத்து சாக்கெட்?"
"அதுவா, செருகினா டப்பென்று அணைஞ்சிடும்.
வீணாப்போன சாக்கெட்."

வாட்டர் ஹீட்டரின் சுருள் வெடித்திருந்தது.
கசிந்த கரண்டுக்குக் கீழே இறங்க இருந்த ஒரே வழியை
மண் என்றே பெயர் வைத்த அந்த ஒற்றைப் பின்னை
இவர் குப்பையில் போட்டிருக்கிறார்.
சண்டை போட்ட சாக்கெட்டை
வீணாப்போனது என்கிறார்.
திட்ட வாயெடுத்தேன்.
அவர் முகம் வெளுத்திருந்தது;
"தினமும் அதைத் தள்ளினேன்" என்றார்,
"பின்னாலிருந்து. ஏறு, ஏறு என்று."

அன்று தூங்கவில்லை. பேனாவோடு
மற்ற டிரெய்லர்களையும் சுற்றினேன்.
ஐந்தில் சிவந்தது.
ஒன்றின் வாசலில்
குழந்தையின் வெறுங்கால் தடங்கள்,
மழை இன்னும் அழித்திருக்கவில்லை.
அந்தக் கம்பத்தை அணைத்துவிட்டுத்தான்
கதவைத் தட்டினேன். வேகமாய், நிறுத்தாமல்.

டெல்மருக்குப் புது வயர், புதுச் சுருள்.
மீட்டரில் சுழி.
கிரேவி மீட்டரைப் படிப்பதில்லை.
சனி போயிற்று, ஞாயிறு போயிற்று.
திங்கள் காலை ஷிப்ட் முடிந்து வருகையில்
டெல்மர் பூட்ஸைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு,
நனைந்த சாக்ஸைச் சேற்றில் ஊன்றி,
படியில் உட்கார்ந்திருந்தார்,
ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி.

நாய் பத்தடி தள்ளி நின்று
பார்த்துக்கொண்டிருந்தது.