பாதி எழுத்து

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி போய் முடிவதற்குள்
உஸ்மான் கனி சாக்கை அவிழ்த்துக் கொட்டிவிட்டார்.
கப்பல் கழிவில் வந்ததாம்.
கீல், வால்வு, பித்தளைக் குமிழ்,
நடுவில் ஒன்றரை அடிக்கு
உறையோடு ஒன்று.
"ஜப்பான்காரன் சாமான்னு சொல்றாங்க.
நீதான் எண்ணூர்ல இரும்பைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கிறவளாச்சே,
பாத்துச் சொல்லு."

கூர் மேலே, முதுகு உறையில் உரச
மெல்ல உருவினேன்.
பாதியில் நிறுத்தி மூச்சை வேறு பக்கம் விட்டேன்.
அலகில் ஈரம் படக்கூடாது.
அதை இந்த உப்புக் காற்றிடம் யார் சொல்வது?

முதலில் ஒன்றும் தெரியவில்லை.
சாம்பல் நிறம். அங்கங்கே துருப் பொட்டு.
கூரில் ஓரிடத்தில் அரிசி நுனி அளவு சில்லு.
ட்யூப்லைட் சரிவராது, குண்டு பல்ப் வேண்டும் என்றேன்.
கடைப் பையன் கக்கூஸில் இருந்ததைக்
கழற்றி வந்து மாட்டினான்.
சாய்த்தேன். இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.
எழுந்தது
கூர் நெடுக ஒரு வெள்ளைக் கோடு.
கோடு இல்லை,
காசிமேட்டு மணலில்
அலை திரும்பிய பிறகும் திரும்பாத நுரை.

அதற்கு மேலே இரும்பு
மரப்பலகை ரேகையாக ஓடியது.
மடித்து அடித்து, மடித்து அடித்து
யாரோ இரும்புக்குள் ஒரு மரம் வளர்த்திருக்கிறான்.
நுரையின் விளிம்பில் பொடிப்பொடியாய் மினுக்கம்.
பன்னிரண்டு வருஷமாக
ஐந்நூறு மடங்கு பெரிதாக்கி நான் தேடும் படிகங்கள்
இங்கே வெறுங்கண்ணுக்கு.
களிமண் பூசி, நெருப்பின் நிறம் பார்த்து
தண்ணீரில் இறக்கியவனிடம்
மீட்டர் இல்லை, ரிப்போர்ட் எழுதவும் இல்லை.

பிடியைத் தாங்குவது ஒரே ஒரு மூங்கில் ஆணி.
தட்டினேன், கழன்றது.
உள்ளே காம்பு, கருப்பட்டி நிறம்.
பையன் கம்பி பிரஷும் எலுமிச்சை மூடியும் எடுத்து வந்தான்.
"டேய், வை கீழே!"
நான் போட்ட சத்தத்தில்
கேட்டருகே நின்ற ஆட்டோ எல்லாம் திரும்பிப் பார்த்தது.
அது அழுக்கு இல்லை தம்பி,
அதன் வயது.

காம்பில் இரண்டு துளை.
அப்படியானால் ஒரு காலத்தில் இது நீளம்.
அடியில் வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள்.
புதுச் சொந்தக்காரன் குள்ளமோ,
சட்டம் மாறியதோ, தெரியாது.
வெட்டிய இடத்தோடு செய்தவன் பெயரும் போய்விட்டது.
மிச்சம் ஓர் எழுத்தின் பாதி:
மூன்று கீறல், ஒரு கொம்பு.

"பேர் இல்லன்னா விலை போவாதா?"
"போகும். குறையும்."
"நம்ம போர்டுல லாரி இடிச்சு
'உஸ்மா' மட்டும்தான் நிக்குது,
யாவாரம் நடக்கலையா?" என்றார் கனி.
பிறகு, "ஒரு ராத்திரி வெச்சிருந்து பாரு."

தையல் மெஷின் எண்ணெயில்
இரண்டு சொட்டு கிராம்புத் தைலம் விட்டுத் துடைத்தேன்.
பழைய வேட்டியில் சுற்றி, பேப்பரில் சுற்றி
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன்.
எங்கள் பக்கத்தில் கத்திக்கு
ஒரே அர்த்தம்தான் விட்டுவைத்திருக்கிறார்கள்.

கல்மண்டபத்தில் நிறுத்தினார்கள்.
ஏட்டு எத்திராஜ் முதலில் மூக்கை உறிஞ்சினார்.
"பல்வலியாம்மா?"
அப்புறம்தான் பொட்டலத்தைப் பார்த்தார்.
அப்புறம் என்னை.
"கூர் மேலே இருக்கட்டும் சார், மெதுவா" என்றேன்.
என்னவோ, கேட்டார்.

பைக் விளக்கில் உருவி
தற்செயலாகத்தான் சாய்த்தார்.
நின்றார்.
மறுபடி சாய்த்தார், இந்த முறை வேண்டுமென்றே.
"ஓரமா ஏதோ ஓடுதே."
"ஆமா சார்."
பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.
அவர் முகத்தில் அந்த வெள்ளை
கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு
நோட்டில் எழுதினார்:
பழைய இரும்பு, ஒன்று.
"பேரு?" என்றார், நிமிராமல்.

எதன் பெயரைக் கேட்கிறார் என்று விளங்காமல்
ஒரு கணம்
சும்மா நின்றேன்.