கல்முகம்

கேள்விகளை எங்கள் எழுத்தில்தான்
எழுதித் தந்திருக்கிறாள் புருலாய்.
ஓசை மட்டும் ஆங்கிலம்.
பொருள் உனக்கு வேண்டாம் குபாத்,
முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்,
தேர்வு எடுக்கிறவர்கள் அப்படித்தான் என்றாள்.

எனக்கு முகமே அப்படித்தான்.
பதினொரு குளிர்காலமாக
நாரின் பள்ளிக்கூடத்து பாய்லருக்கு
நிலக்கரி அள்ளிப் போடுகிறவன்.

பேச்சில் ஏழு வாங்கினால்
அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்ளும்.

பிரசவ வார்டில் வேலை முடித்து
இரவு ஒன்பதுக்குப் படியிறங்கி வருவாள்,
பூட்ஸில் பனி ஒட்டியிருக்கும்.
கவிழ்த்த வாளியில் நான்.
கால் ஆடும் பள்ளிப் பெஞ்சில் அவள்.
என் போனில் ஸ்டாப்வாட்ச்.

முதல் வாரம்
"உவெதர்" என்று வாசித்தேன்.
தோளைக் குறுக்கி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
என்னவோ சொன்னாள்.
ஆக, வெதர் என்றால் குளிர்.
நானாகக் கற்ற ஒரே ஆங்கிலச் சொல் அது.

பிறகு "ஹாபி".
இரண்டு கைகளாலும் காற்றை வாரி வாரி
பின்னால் தள்ளினாள்.
நீச்சலா? கோடையிலும் முழங்கால் மரத்துப்போகும்
எங்கள் ஆற்றில் இவள் எப்போது நீந்தினாள்?
கேட்டதற்குச் சிரித்தாள்:
"செய்கிறதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.
நீச்சலுக்கு நாற்பது வார்த்தை இருக்கிறது."

பதினான்காம் அட்டை.
"டிஸ்க்ரைப் எ பெர்சன்" என்று ஆரம்பிக்கும்,
மூன்று வரி ஓடும், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.
யோசிக்க ஒரு நிமிடம்.
பென்சிலைத் தொடவில்லை அவள்.
பேசத் தொடங்கினாள்.

அந்த ஓசைகளுக்கு நடுவில்
சட்டென்று என் பெயர்.

அரிசியில் கல் கடிபட்ட மாதிரி.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம்.
அப்போது சிரித்தாள் என்று நினைக்கிறேன்.
மூன்றாம் தரம் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
உலைக் கதவின் ஓட்டைவழியே நெருப்பைப் பார்த்தாள்.

இரண்டு நிமிடத்தில் "தேங்க் யூ" சொல்லி
வெட்ட வேண்டும். அதுதான் என் வேலை.
மூன்று நாற்பது வரை ஓடவிட்டேன்.
வெப்பமானி முள் இறங்கிக்கொண்டிருந்தது,
மேலே மாடியில் குழாய்கள் முனகின.

ஏன் நிறுத்தவில்லை என்றாள்.
கரித்தூசி, எண் தெரியவில்லை என்றேன்.

அவள் பேசியதில் ஒரு துண்டு மட்டும்
காதில் தங்கிவிட்டது:
"குபாத் நெவர் ஆஸ்க்ஸ்."
அன்றிரவு மண்வாரியோடு சேர்த்து
அதையும் சொல்லிச் சொல்லி இழுத்தேன்.
நெவர் ஆஸ்க்ஸ். ஒரு வாரு.
நெவர் ஆஸ்க்ஸ். இன்னொரு வாரு.

ஆங்கில டீச்சர் ஜீபார்கூலின் வகுப்பு
என் பாய்லருக்கு நேர் மேலே.
மறுநாள் சாம்பல் வாளியோடு
அவர் வாசலில் நின்றேன்.
"என்ன வேண்டும்?"
"ரேடியேட்டர் சுடுகிறதா?"
"சுடுகிறது."
இறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியுமுன்
தொலோன் கணவாய் ஏறி
பிஷ்கெக் போகிற வேனில் அவளை ஏற்றினேன்.
ஓட்டுநருக்குப் பக்கத்து இடம், ஹீட்டர் அங்கேதான்.
கேள்விக் காகிதம் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது,
மடிப்புகளில் கறுத்து.

இரவு ஒன்பதுக்குப் பழக்கதோஷம்,
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
போன் வந்தது.
"முடிந்தது" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எந்த அட்டை வந்தது?
யாரைப் பற்றிச் சொன்னாய்?
அந்த மூன்று வார்த்தைக்கு என்ன அர்த்தம்?
எல்லாம் எங்கள் மொழியிலேயே
தொண்டைவரை வந்து நின்றன.
திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"வெதர்?" என்றேன்.

மறுமுனையில் ஒரு கார் கடந்து போனது.
"ஆமாம், வெதர்தான்" என்றாள் புருலாய்,
"கையுறையை வேனிலேயே விட்டுவிட்டேன்."